ஊதா மருந்தில் வரைந்த உடம்பு

எங்கள் தாதியர் பயிற்சி வகுப்பில் ஆண்கள் மூன்றே பேர். மற்ற எல்லோரும் பெண்கள். அதனால் சட்டையைக் கழற்றச் சொல்லும் பாடம் எது வந்தாலும் அது எங்கள் மூவரின் தலையில்தான் விடியும். மூவரில் ஒருவனுக்குத் தொந்தி. இன்னொருவனுக்கு நெஞ்சும் முதுகும் மயிர்க்காடு. மிஞ்சியவன் நான். சண்டைக்காலத்தில் திருகோணமலையில் வாடகை அறையில் இருந்துகொண்டு பாணும் சம்பலும் தின்று படித்தவனின் உடம்பில் என்ன இருக்கும்? எலும்பு இருந்தது. உடற்கூற்றியல் படிக்க வந்தவர்களுக்கு அதுதானே வேண்டும்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்துக் கட்டடம்தான் எங்கள் வகுப்பறை. ஜன்னலைத் திறந்தால் கடல் காற்றும், சில நாட்களில் துறைமுகப் பக்கமிருந்து நேவிக்காரரின் விசில் சத்தமும் வரும். முழு எலும்புக்கூடு எங்களிடம் இருக்கவில்லை. ஒரு மரப்பெட்டிக்குள் ஒரு கையும், இடுப்பெலும்பில் பாதியும், பல்லில்லாத தாடையும் கிடந்தன. மீதி கொழும்பிலிருந்து வரும் என்றார்கள். கோதுமை மாவே ஒழுங்காக வந்து சேராத காலத்தில் எலும்பு எங்கே வரப்போகிறது? ஆகவே உயிரோடு இருக்கிற என்னை வைத்துப் பாடம் நடந்தது.

அந்தப் பாடத்துக்கு மேற்பரப்புக் குறித்தல் என்று பெயர். உடம்புக்கு உள்ளே எந்த உறுப்பு எங்கே இருக்கிறதோ, அதை வெளியே தோலில் கோடு போட்டுக் காட்டவேண்டும். இதயத்தின் ஒலி எந்த இடத்தில் நன்றாகக் கேட்கும், சுவாசப்பையின் கீழ்விளிம்பு எந்த விலா எலும்புவரை இறங்கும், சிறுநீரகம் முதுகில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றெல்லாம் தெரியாவிட்டால் நாளைக்கு நோயாளியின் உடம்பில் கைவைக்க முடியாது. எங்கள் ஆசிரியை இதில் மிகவும் கண்டிப்பு. நாங்கள் அவரை மிஸ் என்று கூப்பிடுவோம். அவருடைய முகத்தில் சிரிப்பைக் காண்பது அபூர்வம்.

அன்றைக்கு என்மேல் வரையும் முறை கிண்ணியாவிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த முஸ்லிம் பெண்ணுக்கு வந்தது. வகுப்பில் முதலாவது அவள்தான். அவளுடைய வாப்பாவுக்குக் கிண்ணியாவில் கருவாட்டுக் கடை. கந்தளாய்ப் பக்கத்துச் சிங்கள வியாபாரிகளோடு சின்ன வயதிலிருந்தே கதைத்துக் கதைத்து அவளுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னைத் தொடாமல் ஒரு அடி தள்ளி நின்று என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விலா எலும்பை விரலால எண்ணவேணும் பிள்ளை. கண்ணால எண்ணக்கூடாது" என்றார் மிஸ்.

"மத்தவங்களுக்குத்தான் மிஸ் விரல் வேணும். இவருக்குப் பார்த்தாலே எண்ணலாம்."

வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சட்டையில்லாமல் நிற்கிறவன் கோபப்பட்டு என்ன செய்வது என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எண்ணிப் பார்த்த மிஸ்ஸே, கணக்குச் சரி என்று விட்டுவிட்டார்.

வழக்கமாகச் சோக்குக் கட்டியால்தான் வரைவது. அன்றைய வெக்கையில் அவள் ஒரு பக்கம் வரைய, மறுபக்கம் வியர்வை அழித்துக்கொண்டு வந்தது. அப்போது யாரோ ஜென்சன் வயலட் போத்தலை எடுத்து நீட்டினார்கள். குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்குப் பூசுகிற ஊதா மருந்து. யார் நீட்டியது என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நாங்கள் எல்லோரும் அந்த மருந்தை நாள்தோறும் குழந்தைகள் வார்ட்டில் பூசிக்கொண்டிருந்தவர்கள். பூசினால் கிழமைக்கணக்கில் வாய் ஊதாவாகவே இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்கும் நினைவு வரவில்லை. பஞ்சு சுற்றிய குச்சியை மருந்தில் தோய்த்து, விரல் படாமல், கோலம் போடுகிற கவனத்தோடு அவள் வரைந்தாள். முன்பக்கத்தில் இதயமும் ஈரலும். ஒலி கேட்கும் நான்கு இடங்களில் வட்டமிட்டு, வால்வுகளின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளான M, T, A, P. பின்பக்கத்தில் இரண்டு சுவாசப்பையும் இரண்டு சிறுநீரகமும். பக்கத்தில் விலா எலும்புகளின் இலக்கங்கள். மிஸ் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, நல்ல வேலை என்றார். அப்படி அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பின்னேரம் கிணற்றடியில் நின்று தேய்த்தேன். சவர்க்காரம் போட்டேன், தேசிக்காய்ப் புளி விட்டேன், தேங்காய்ப் பொச்சால் உரசினேன். தோல்தான் சிவந்தது, ஊதா அசையவில்லை. வீட்டுக்கார அக்கா வாளியோடு வந்து பார்த்துவிட்டுத் தன் நெஞ்சில் கைவைத்தார்.

"என்ன தம்பி இது, தேசப்படம் மாதிரி?"

"ஈரல் அக்கா. இது சிறுநீரகம்."

"சட்டையைப் போடுங்கோ. பார்க்கவே வயித்தைப் பிரட்டுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடிகிற நேரத்தில் ஒலிபெருக்கி கேட்டது. எங்கள் பகுதியில் ஆமிக்காரரின் ரவுண்டப், சுற்றிவளைப்பு. ஆண்கள் எல்லோரும் அடையாள அட்டையோடு கடற்கரைப் பக்கத்து மைதானத்துக்கு வரவேண்டும். அது எங்களுக்குப் பழகிப்போன விடயம். முகத்தை மூடிய தலையாட்டி ஒருவன் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பான், நாங்கள் ஒவ்வொருவராக அவன் முன்னால் போவோம், அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் ட்ரக்கில் ஏறவேண்டும். அன்றைக்குத் தலையாட்டி வரவில்லை. அதனால் உடம்பைப் பார்க்கத் தொடங்கினார்கள். சட்டையைக் கழற்று என்றார்கள். முழங்கையில் தவழ்ந்த அடையாளம் இருக்கிறதா, துவக்கால் சுட்டுச் சுட்டு அது தோளில் உதைத்த அடையாளம் இருக்கிறதா, வேறு தழும்பு இருக்கிறதா என்று பார்த்து, சந்தேகமானவர்களை மதில் ஓரம் இருத்தினார்கள். மதில் ஓரம் இருக்கிறவர்கள் ட்ரக்கில் போவார்கள். போனவர்களைத் தேடித் தாய்மார் முகாம் முகாமாக அலைவதை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை.

சட்டையைக் கழற்றச் சொன்னபோதுதான் எனக்கு என் முதுகு நினைவுக்கு வந்தது.

முதலில் கண்ட ஆமிச் சோல்தாது என்னைத் திருப்பினான். பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டான். என்னைச் சுற்றி ஒரு கூட்டம். ஒருவன் என் முதுகில் இருந்ததைக் காகிதத்தில் பார்த்து வரையத் தொடங்கினான். ஒரு அதிகாரி வந்தார். வளைந்த கோட்டைப் பிரம்பு நுனியால் தொட்டு, இது கொட்டியாரக் குடாவா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நெஞ்சில் இருக்கிற M என்றால் மூதூரா? T என்றால் திருகோணமலையா? முதுகில் மேலும் கீழுமாக இருக்கிற இந்த இரண்டும் எண்ணெய்த் தாங்கிகளா?

"கிட்னி, சேர்" என்றேன். என் பயிற்சி அட்டையைக் காட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"படிக்கிறவன் கொப்பியில்தானே வரைவான். முதுகில் ஏன் வரைகிறான்?"

நியாயமான கேள்வி. அவருடைய இடத்தில் நின்றிருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். எனக்கு வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. நெஞ்சு அடித்த அடியில் அந்த M எழுத்து துள்ளியிருக்கும். பயந்தால் வாயைக் காயவைத்து, நெஞ்சை விரட்டி, கையை வியர்க்கவைக்கிற நரம்புக்கு எங்கள் புத்தகத்தில் பரிவு நரம்பு என்று பெயர். பெயர் வைத்தவர் ஒருநாளும் ரவுண்டப்பில் நின்றிருக்கமாட்டார். என்னை மதில் ஓரம் இருத்தினார்கள்.

வீட்டுக்கார அக்கா அதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்களோடு சேர்ந்து பார்த்திருக்கிறார். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். வெயில் ஏறிய பிறகு மைதான வாசலில் மிஸ்ஸின் வெள்ளைச் சேலையைக் கண்டேன். பக்கத்தில் கிண்ணியாக்காரி. மிஸ் ஏதோ சொல்ல, காவலில் நின்றவன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். வரைந்தவர் மட்டும் வரலாம் என்று மறுமொழி. மிஸ் தன் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அந்தப் பெரிய மைதானத்தில், சட்டையில்லாத ஆண்களுக்கும் சீருடைக்காரருக்கும் நடுவில், அவள் தனியே நடந்து வந்தாள். எனக்கு அழுகை வந்தது. ஆசுவாசத்திலா, அவளை நினைத்த பயத்திலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இனி அதிகாரியும் அவளும் பேசியதெல்லாம் சிங்களத்தில். எனக்கு விளங்கியதை என் தமிழில் எழுதுகிறேன்.

"இதை நீங்களா வரைந்தீர்கள்?"

"ஓம் சேர். நான்தான். சோக்கு அழிஞ்சுது, அதால ஊதா மருந்தால வரைஞ்சனான். அது எங்கட பிழை."

"இரண்டும் சிறுநீரகம் என்றால் ஏன் ஒன்று மேலே, ஒன்று கீழே?"

"வலப்பக்கம் மேல ஈரல் இருக்கு சேர். அது பெரிசு. அதால வலப்பக்கச் சிறுநீரகம் கொஞ்சம் கீழ இறங்கி இருக்கும். எல்லாருக்கும் அப்பிடித்தான். உங்களுக்கும் அப்பிடித்தான்."

அவர் தன் இடுப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அவள் ஸ்டெதஸ்கோப்பை நீட்டினாள். M போட்ட இடத்தில் வைத்துக் கேளுங்கள், பிறகு கோட்டுக்கு வெளியே வைத்துக் கேளுங்கள் என்றாள். அவர் காதில் மாட்டிக்கொண்டு என் நெஞ்சில் குனிந்தார். M இல் கேட்டார். A இல் கேட்டார். வலப்பக்கம் ஈரலுக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் M இல் வைத்தார். அவருடைய முகம் என் முகத்துக்குக் கிட்ட இருந்தது. சவரம் செய்யும்போது வெட்டிய காயம் ஒன்று அவருடைய தாடையில் இருந்தது.

"இவ்வளவு வேகமாகவா அடிக்கும்?"

"இல்ல சேர். பயந்தா அடிக்கும்."

அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். சட்டையைப் போடு என்று எனக்குச் சைகை காட்டினார். போட்டேன். கைக்கு வந்த பொத்தானைக் கைக்கு வந்த துளையில் பூட்டினேன்.

தப்பினோம், பிழைத்தோம், இனித் திரும்பிப் பாராமல் நடையைக் கட்டுவோம் என்று நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. மதில் ஓரம் எனக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இலங்கைத்துறையிலிருந்து மீன் கொண்டுவந்து சந்தைக்காக இரவு தங்கியிருந்தவர். தோளில் தடி வைத்து, இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டுக் காவுகிறவர். தோல் தடித்துக் கறுத்திருந்த தோளைக் காட்டித்தான் அவரை இருத்தியிருந்தார்கள்.

"சேர், இவரையும் ஒருக்காப் பார்க்கலாமா?"

எனக்கு உயிர் போய்விட்டது. கடவுளே, இவளுக்கு என்ன விசரா என்று மனதுக்குள் திட்டினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்கிறாளே என்று ஆத்திரமாக வந்தது.

"அவரும் உங்கள் வகுப்பா?"

"இல்ல சேர். ஆனா தோள் ஒண்டுதானே."

அவள் குனிந்து அந்த மனிதருடைய தோளில் கைவைத்தாள். முதல்நாள் என் விலா எலும்பைத் தொட மறுத்தவள், முன்பின் தெரியாத ஒருவரின் தோளை விரல்களால் அழுத்திக் காட்டினாள். துவக்கு உதைத்தால் அடையாளம் முன்பக்கம், காறை எலும்புக்குக் கீழே வரும். இவருக்கு மேற்பக்கம், கழுத்துக்கும் தோள் நுனிக்கும் நடுவில் இருக்கிறது. தினமும் ஒரே இடத்தில் உரசினால் தோல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தடிக்கும். அதிகாரி தன் பிரம்பை எடுத்து அந்தத் தோளில் குறுக்கே வைத்தார். தடித்த இடத்தில் அது அசையாமல் இருந்தது. பிரம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு, போகலாம் என்றார். அந்த மனிதர் சட்டையைப் போடாமலே, கையில் பிடித்துக்கொண்டு போனார்.

அதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியே இருக்கமாட்டேன். அதிகாரி அவள் பக்கம் திரும்பி, மரியாதையாகத்தான் சொன்னார்:

"நல்லது. மற்ற ஆட்களையும் பார்த்துச் சொல்லுங்கள்."

அப்போதுதான் அவள் முகம் மாறியது. மதில் ஓரம் இருந்தவர்கள் எல்லோரும் அவளை அண்ணாந்து பார்த்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சற்று முன்புவரை கெஞ்ச வந்தவளாக இருந்தாள்; இப்போது அவள் சொல்லைப் பொறுத்து ஆள் ட்ரக்கில் போவான் அல்லது வீட்டுக்கு வருவான் என்றாகிவிட்டது. மாட்டேன் என்று சொன்னால் எல்லோரும் ட்ரக்கில். தலையாட்டியின் கதிரையில் அவளை இருத்தியதுபோலத்தான் எனக்குப் பட்டது.

அவள் ஸ்டெதஸ்கோப்பை என் கையில் தந்துவிட்டு ஒவ்வொருவராகப் பார்க்கத் தொடங்கினாள். பேக்கரிக்காரரின் முழங்கைக் கீழ்த் தழும்பு, அடுப்பின் சூடான தட்டு பட்டது. ஒருவருக்கு முழங்காலில் வடு, அது வயலில் மண்வெட்டி பட்டுப் பழுத்து ஆறியது. ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் முதுகில் இருந்தது பழைய சீழ்க்கட்டைக் கீறிய அடையாளம். எல்லாவற்றுக்கும் காரணம் சொன்னாள். தோல் எப்படி வெட்டுப்படும், எப்படிப் பொருந்தும், எரிந்தால் எப்படிச் சுருங்கும் என்று ஒவ்வொன்றுக்கும் பாடம் சொல்வதுபோலச் சொன்னாள். அதிகாரி ஒவ்வொருவரையும் எழுப்பி அனுப்பினார். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் பின்னால் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

கடைசியில் ஒருவன் இருந்தான். எங்கள் வயதுதான் இருக்கும். எழும்பச் சொன்னதும் எழும்பினான். வலப்பக்கம், விலா எலும்புகள் முடிகிற இடத்துக்குக் கீழே, சின்ன வட்டமாக ஒரு குழி. அவள் அவன் பின்னால் போய்ப் பார்த்தாள். நானும் பார்த்தேன். முதுகில் அதைவிடப் பெரிதாக, நாலு பக்கமும் இழுபட்டு ஆறிய தழும்பு ஒன்று இருந்தது.

"முருங்கை மரத்தால விழுந்தனான். வேலிக்கட்டை குத்தினது" என்றான் அவன். யாரும் கேட்காமலே, அரைகுறைச் சிங்களத்தில் சொன்னான்.

அதிகாரி அவளைப் பார்த்தார். "அப்படியா?"

துவக்குச் சூடு உள்ளே போன இடம் சின்னதாக இருக்கும், வெளியே வந்த இடம் பெரிதாகப் பிய்ந்திருக்கும். மிஸ் அதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியது எங்கள் முதல் மாதத்தில். அந்த நாளில் எங்கள் ஊரில் தாதி வேலைக்கு வருகிறவர்களுக்கு அதை முதலில் படிப்பிக்காமல் வேறு எதைப் படிப்பிப்பது? அவள் அந்தப் பாடத்தில் முழுப் புள்ளி எடுத்தவள். அந்தப் பையன் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. துவக்குப் பிடித்தவனாக இருக்கலாம். வெருகல் பக்கத்து வயலில் குனிந்து நின்றபோது எங்கிருந்தோ வந்த சூடு பட்டவனாகவும் இருக்கலாம். தழும்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அவள் முன்பக்கம் வந்து நின்றாள். முக்காட்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தெரியாது சேர்."

"எல்லாம் தெரிந்திருக்கிறது. இது மட்டும் தெரியாதா?"

"அது எங்களுக்கு இன்னும் படிப்பிக்கேல்ல."

அதிகாரி அந்தத் தழும்பை நன்றாகப் பார்த்தார். அதன்பின் அவளை அதைவிட நன்றாகப் பார்த்தார். அவர் நம்பினாரோ என்னவோ. மைதானத்தில் ஏற்றுவதற்கு வேறு ஆட்கள் இல்லை, ட்ரக் வெறுமனே நின்றது. பையனின் சட்டை தரையில் கிடந்தது. அவர் அதைப் பிரம்பால் காட்டி, எடு என்றார். எங்களைப் பார்த்து, "நன்றாகப் படியுங்கள்" என்று சொல்லிவிட்டு ஜீப் நின்ற பக்கம் நடந்தார்.

வாசலில் மிஸ் வெயிலுக்குள் நின்றபடியே நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்ததைக் கண்டு, தானே கழற்றிச் சரியாகப் பூட்டிவிட்டார். பிறகு அவளிடம் கேட்டார்.

"கேட்டதுக்கெல்லாம் சரியா மறுமொழி சொன்னீரோ?"

"ஓம் மிஸ். ஒண்டுக்கு மட்டும் படிப்பிக்கேல்ல எண்டு சொல்லிட்டன்."

எனக்குத் திக்கென்றது. படிப்பிக்கவில்லை என்ற சொல் மிஸ்ஸுக்குப் பிடிக்காது. எவளாவது வாய்தவறிச் சொன்னால், எந்தக் கிழமை, எந்தப் பாடம், நீ எந்தக் கதிரையில் இருந்தாய் என்று எல்லாம் சொல்லி அழவைத்துவிடுவார்.

"எது?"

"முன்னால சின்னன், பின்னால பெரிசு மிஸ்."

மிஸ் மைதானத்தைப் பார்த்தார். அந்தப் பையன் வேலி ஓரமாகச் சந்தைப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். ஓடவில்லை. ஓடக்கூடாது என்று தெரிந்தவன்போல மெதுவாகத்தான் போனான். அவன் திருப்பத்தில் மறையும்வரை மிஸ் கண்ணை எடுக்கவில்லை. பிறகு குடையை விரித்து அவள் தலைக்கு மேலே பிடித்தார்.

"ஓம்" என்றார். "அது நான் இன்னும் படிப்பிக்கேல்லைத்தான்."